கிளறக் கூடாத கிளறல்

பிரான்சின் நீஸ் நகரத்துக்கு வந்த புதிதில், எதிர்வீட்டு மதாம் படிக்கட்டில் நிறுத்தி மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். "ரத்தத்தூய் செய்திருக்கிறேன்" என்றார். நான் சைவம் என்று சொல்லியிருந்தேனே! 'ரத்தம்' என்று காதில் விழுந்ததும் வயிறு கலங்கிவிட்டது.

போய்ப் பார்த்தால் கத்திரிக்காய், தக்காளி, குடைமிளகாய், சுக்கினி, வெங்காயம், பூண்டு, ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதான். ரத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 'தூயே' என்றால் பிரெஞ்சில் கிளறுவது. அதை விளையாட்டாக இழுத்து நீட்டிய பெயர் இது. தெற்கத்தி ஒக்சித்தான் மொழியில் 'ரத்தத்தோல்யா'. 1778-லேயே எழுத்தில் வந்துவிட்டதாம், ஆனால் அன்றைக்கு அதற்குக் கண்டதையும் போட்டுக் கிண்டிய மட்டமான குழம்பு என்றுதான் அர்த்தம். பட்டாளத்துச் சிப்பாய்கள் தங்கள் சாப்பாட்டை 'ரத்தா' என்று அலுப்போடு சொன்னதும் இதே பெயரைச் சுருக்கித்தான். 'தூயே'வின் வேர் லத்தீனில், ஆலிவ் நசுக்கும் சின்னக் கருவியின் பெயரில் போய் நிற்கிறது.

சரி, பெயரே கிளறல்தானே என்று அடுத்த வாரம் சலேயா சந்தையில் காய் வாங்கிவந்து, எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு நன்றாகக் கிளறினேன். எட்டிப் பார்த்த மதாம் பதறிப்போய்க் கரண்டியைப் பிடுங்கினார். ஒவ்வொரு காயையும் தனித்தனியாக வதக்கி, கடைசியில்தான் ஒன்று சேர்க்கவேண்டுமாம். கிளறினால் குழைந்துவிடுமாம். பெயரை அப்படி வைத்துக்கொண்டு கிளறாதே என்றால்? இந்த ஊர்மேல் எனக்கு இருக்கும் ஒரே வழக்கு இதுதான். வீசா, வரி, வாடகை எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

ஆறு வருஷமாகிவிட்டது. இப்போது தனித்தனியாகத்தான் வதக்குகிறேன். மதாம் ருசி பார்த்துத் தலையாட்டுகிறார். பக்கா நீஸ்காரனாகிவிட்டேன் என்று ஊருக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொள்வதும் உண்டு.

ஆனால் காயெல்லாம் சேர்ந்ததும் கை தானாக நின்றுவிடுகிறது. நாகர்கோவிலில் அவியல் இறக்கும் நேரத்தில் ஆச்சி போடும் சத்தம்: "கரண்டியப் போட்டுக் கிண்டாதல, காய் உடைஞ்சிரும்!" பச்சைத் தேங்காய் எண்ணெயை ஊற்றி, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, சட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கி மூடிவைப்பாள்.

நேற்றும் சட்டியைக் குலுக்கினேன். ஆலிவ் எண்ணெய் வாசம்தான் வந்தது.