காபி ராகமும் தளர்த்திய மூன்று கம்பிகளும்

'சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா'வை கிட்டாரில் என் போக்கில் வாசிக்க வேண்டும் என்று ஏப்ரல் நடுவில் உட்கார்ந்தேன். ஆறு வாரம் ஓடிவிட்டது. முதல் பகுதி மட்டும் கைக்கு வந்திருக்கிறது. இதுவரை செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

அக்கா பிரசவத்துக்குப் பாம்பன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பெண் குழந்தை. தூளியை ஆட்டும்போது அம்மா பாடுவது இந்த ஒரு பாட்டுத்தான். பாரதியார் எழுதியது. 1951-இல் வந்த 'மணமகள்' படத்தில் எம்.எல்.வசந்தகுமாரி பாடி ஊரெல்லாம் பரவியது. ஆச்சி ரேடியோவில் கேட்டுப் பிடித்துக்கொண்டதை அம்மா அப்படியே வாங்கிக்கொண்டார். அம்மாவுக்கு ராகத்தின் பெயரெல்லாம் தெரியாது. ஆனால் சுருதி ஒரு நூல்கூட நகராது.

எனக்குக் கிட்டார் வந்தது கோயில் பாடற்குழுவில். அங்கே வேலை என்ன? கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) பிடிப்பது, தாளத்துக்கு அடிப்பது. அதே பழக்கத்தில் இதற்கும் டி மைனர், ஜி, சி என்று மூன்று கார்டை வைத்து அடித்தேன். போனில் பதிந்து கேட்டால் ஸ்வரம் எதுவும் தப்பில்லை. இருந்தும் அது அம்மாவின் பாட்டு இல்லை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பா திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா துக்க வீட்டுப் பாட்டு மாதிரி கேக்குது" என்றார். குழந்தையைக் கண்டு பூரித்துப் பாடும் பாட்டு அது. அப்பா சொன்னது அன்று முழுக்க மனசில் கிடந்தது.

எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கப் பத்து நாள் ஆனது. பாட்டின் தொடக்கம் காபி ராகம். காபியின் காந்தாரம், அதாவது 'ஸ ரி க ம'வில் வரும் 'க', ஒரே இடத்தில் நிற்பதில்லை. மத்யமத்திலிருந்து (ம) வழுக்கி வந்து, அசைந்து, ரிஷபத்தில் (ரி) போய் இறங்கும். அம்மா பாடும்போது அந்த அசைவில்தான் கொஞ்சல் இருக்கிறது. டி மைனர் கார்டுக்குள் அதே காந்தாரம் ஆணி அடித்த மாதிரி நேராக நிற்கிறது. மேலே குரல் அசைய, கீழே கிட்டார் அசையாமல் நிற்க, இரண்டும் உரசுகின்றன. சரி, டி மேஜர் போட்டுப் பார்க்கலாம் என்றால் அது இன்னும் மோசம். காபியின் சாதாரண காந்தாரத்துக்குப் பதில் அதைவிட ஒரு படி உயர்ந்த அந்தர காந்தாரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டு காந்தாரமும் இல்லாத கார்டுதான் வேண்டும். அப்படித்தான் டி-ஏ-டி-ஜி-ஏ-டி ட்யூனிங்குக்கு வந்து சேர்ந்தேன். டேவி கிரஹாம் என்ற பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் 1960களில் மொராக்கோ இசையைக் கேட்டுவிட்டு வந்து பிரபலமாக்கியது. ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகளை ஒவ்வொரு முழு ஸ்வரம் இறக்கினால் போதும். மற்ற மூன்றைத் தொட வேண்டாம். ஆறு கம்பியையும் திறந்து மீட்டினால் ஸ, ப, ஸ, ம, ப, ஸ. காந்தாரமே கிடையாது! முதல் முறை மீட்டியபோது தம்புராவை மடியில் வைத்திருக்கிற மாதிரி இருந்தது. எந்தப் பக்கமும் சாயாத ஒரு தளம். அதன் மேல் காந்தாரம் தன் இஷ்டத்துக்கு அசையலாம். கார்டு அடிப்பதை அன்றோடு விட்டேன்.

அம்மா பாடுவது நாலு கட்டை சுருதி, கிட்டார் கணக்கில் எஃப். கிட்டார் கழுத்தின் மூன்றாவது ஃப்ரெட்டில் (உலோகக் கட்டு) கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப், மாட்டினால் சரியாக அங்கே வந்து நிற்கிறது.

அப்புறம் அந்த ஒரு காந்தாரம். இதற்கு மட்டும் இரண்டு வாரம். கேப்போவிலிருந்து எண்ணினால் முதல் கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட் மத்யமம், மூன்றாவது காந்தாரம், இரண்டாவது ரிஷபம். ஐந்தில் ஒரே ஒரு மீட்டு. ஓசை அடங்குவதற்குள் மோதிர விரல் கம்பியை விட்டு எழும்பாமல் மூன்றுக்கு வழுக்க வேண்டும். அங்கே நிற்கக் கூடாது. கம்பியை லேசாகப் பக்கவாட்டில் தள்ளி விட்டு, ஆள்காட்டி விரலால் ரிஷபத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதிகம் தள்ளினால் மத்யமம் வரை ஏறிவிடும். தள்ளாவிட்டால் மறுபடி ஆணிதான். ஒரு நாளைக்கு நூறு முறையாவது இதை மட்டும் வாசித்தேன். விரல் நுனியில் தோல் கறுத்துக் காய்ப்பு ஏறிவிட்டது. நிஷாதம் (நி) அவ்வளவு படுத்தவில்லை. இரண்டாவது கம்பியில் ஏறும்போது நாலாவது ஃப்ரெட், இறங்கும்போது மூன்றாவது. விரல் தானாகப் பழகிக்கொண்டது.

மே நடுவில் முதல் கம்பி அறுந்தது. ட்யூனிங்கை மாற்றி மாற்றி இறக்கி ஏற்றியதும் ஒரு காரணம். ஆனால் அறுந்த நுனியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் கடுகளவு செந்துரு. எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். கச்சான் காற்று அடிக்கும் நாளில் ஜன்னல் கம்பியை நக்கினால் உப்புக் கரிக்கும். முதல் இரண்டு கம்பிகளும் வெறும் எஃகு என்பதால் அவைதான் முதலில் துருப்பிடிக்கின்றன. மாட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை. இப்போது வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்து, பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுகிறேன். செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் நாலைந்தும் உள்ளே கிடக்கின்றன. புதுக் கம்பி வாங்க ராமநாதபுரம் வரை பஸ்ஸில் போய் வந்தேன். மேல்பூச்சு உள்ள செட், விலை அதிகம்தான். கடலோரத்தில் வாசிப்பவர்களுக்கு அந்தக் காசு தகும்.

வேகம் எப்படிப் பிடிபட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 96-இல் வைத்திருந்தேன். ஒரு மதியம் அம்மா தூளியை ஆட்டிக்கொண்டே முனகுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். உத்தரத்து வளையத்தில் கயிறு உரசும் சத்தத்தில்தான் அம்மாவின் தாளம் இருக்கிறது. ஒரு முறை போய் வர ஏறக்குறைய இரண்டரை விநாடி. ஒரு ஆட்டத்துக்கு மூன்று எண்ணிக்கை என்று வைத்தால் நிமிடத்துக்கு 72. அன்றே மாற்றிவிட்டேன். இன்னொன்றும் பார்த்தேன். குழந்தை அசந்து அம்மா கையை எடுத்த பிறகு தூளியின் வீச்சு குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் போய் வரும் நேரம் குறையவில்லை. பள்ளியில் ஊசல் பாடத்தில் படித்ததுதான். கண்ணெதிரே பார்த்தபோது பாட்டை எப்படி முடிப்பது என்று தெரிந்துவிட்டது. வழக்கமாக எல்லோரும் முடிவில் வேகத்தைக் குறைப்பார்கள். நான் வேகத்தைத் தொடுவதில்லை. ஓசையை மட்டும் சுற்றுக்குச் சுற்று குறைக்கிறேன். நகத்தை விட்டு விரல் சதைக்கு மாறி, கடைசியில் கட்டைவிரலால் ஆறாவது கம்பி ஸட்ஜம் மட்டும். என் கை என்று இந்த வாசிப்பில் எதையாவது சொல்லலாம் என்றால் எனக்கு இந்த இடம்தான்.

பதிவு விடியற்காலையில்தான். பாம்பன் புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து ரயில் திரும்ப ஓடுகிறது. ஹார்ன் நடுவில் விழுந்து இரண்டு நல்ல பதிவு போயின. தூளிக் கயிற்றின் சத்தம் விழுந்த பதிவை மட்டும் அழிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா தூளியை ஆட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து மெதுவாக வாசிக்க ஆரம்பித்தேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கிட்டாரோடு சேர்ந்து பாட ஆரம்பித்தார். காந்தாரம் வந்த இடத்தில் இரண்டும் ஒன்றாக வழுக்கின. அப்பா வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

அடுத்த சிக்கல் ஆரம்பித்துவிட்டது. இது ராகமாலிகை. சரணம் மாறினால் ராகம் மாறுகிறது. அம்மா அடுத்த சரணத்துக்குப் போனதும் என் விரல்கள் காபியிலேயே நின்றுவிட்டன. திறந்த கம்பிகள் ஸ, ப, ம என்பதால் மத்யமம் வரக் கூடாத ராகத்தில் மூன்றாவது கம்பி உதவாது. அதைக் கட்டைவிரல் படாமல் தாண்டிப் பழக வேண்டும். ஜூன் 14-ஓடு தடைக்காலத்தின் 61 நாளும் முடிகிறது, அப்பா தெற்குவாடியில் படகு ஏறிவிடுவார். அதற்குள் இரண்டாவது சரணத்தை அவர் கேட்க வேண்டும். இன்று காலை அதன் முதல் வரியை வைத்திருக்கிறேன்.