லூஸில் எத்தனை ஓ?

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைக் கடையில் ‘வெள்ளம்’ கேட்டால் குடிக்கத் தண்ணீர் வரும். பொள்ளாச்சியில் அதே சொல்லுக்கு ஆற்றில் கரை உடைந்துவிட்டது என்று பொருள். இரண்டு ஊரிலும் புழங்குபவர் அகராதி பார்த்தா பிரிக்கிறார்? கூட வரும் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். ஒலியிலோ எழுத்திலோ ஒன்றுபோல் இருந்து குழப்பும் ஆங்கிலச் சொல் இரட்டைகளுக்கும் இதே வழியில் நாலு வார அட்டைப் பயிற்சி.

மொத்தம் 24 அட்டை, 12 இணை, தினம் 10 நிமிடம். முன்பக்கம் கோடிட்ட இடத்தோடு ஒரு வாக்கியம், பின்பக்கம் விடை. பொருள் எழுதவில்லை.

முதல் வாரம் சறுக்கல். இணையின் இரண்டு அட்டையையும் ஒரே நாளில் எடுத்ததால் குழப்பமே மனப்பாடமானது. இரண்டாம் வாரத்திலிருந்து ஒன்று ஊறி 7 நாள் ஆன பிறகே அதன் ஜோடி. திருப்புதல் 1, 3, 7, 15ஆம் நாள். தப்பினால் மறுபடி முதல் நாள்.

அதிகம் படுத்தியது லூஸ். தளர்ந்தது (loose), தொலைப்பது (lose): தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், மலையாளத்திலும் அப்படியே; அதனால் உச்சரிப்பைத் தாய்மொழியில் குறித்து வைப்பது வீண். தளர்ந்ததற்கு இரட்டை ஓ, முடிவில் பாம்புச் சீறல். தொலைப்பதற்கு ஒற்றை ஓ, முடிவில் வண்டு ரீங்காரம். தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். லூஸ் மோஷனுக்கு இரண்டு ஓ என்று எழுதியதும் அந்த அட்டை மறக்கவே இல்லை!

அட்வைஸிலும் இதே ஒலி வேறுபாடு: பெயர்ச்சொல்லுக்கு சி, சீறல், வினைக்கு எஸ், ரீங்காரம். லைசென்ஸ், பிராக்டிஸ் இரண்டுக்கும் இதுவே அச்சு, ஆனால் அங்கே காது உதவாது, எழுத்து மட்டும்தான் மாறும். டிரைவிங் லைசென்ஸ் முடிவில் சி. இது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்கள் லைசென்ஸுக்கு எப்போதும் எஸ், பிராக்டிஸுக்கு எப்போதும் சி. இரண்டு வழக்கு நூல்களையும் கலந்து அட்டை எழுதினால் கெட்டது காரியம்.

ஸ்டேஷனரி சுலபம். பேப்பரின் கடைசியில் ஈ, ஆர். எழுதுபொருளிலும் அதே ஈ, ஆர். வாளையாரில் நகராமல் நிற்கும் லாரிக்கு ஏ.

பள்ளி பிரின்சிபலுக்கும் கடன் அசலுக்கும் ஏ, எல். கொள்கை என்றால் எல், ஈ.

அஃபெக்ட் வினை, எஃபெக்ட் பெயர் என்ற விதி பெரும்பாலும் போதும். மாற்றத்தை ‘நிகழ்த்து’ என்னும்போது மட்டும் எஃபெக்டே வினையாகிவிடும். அதற்குத் தனி அட்டை.

காம்ப்ளிமெண்ட் இன்னும் நிற்கவில்லை. நிறைவு செய்வதற்கு நடுவில் ஈ, ‘கம்ப்ளீட்’டில் இருப்பதுபோல, பாராட்டுக்கு ஐ. பாராட்டு அட்டையைத் தள்ளி வைத்து, அடுத்த 7 நாள் ஈ மட்டும்.