நண்டுக் கம்பெனிக் கதவுகளுக்கு நுழைவுக் கட்டுப்பாடு அமைத்த அனுபவம்

மண்டபத்தில் உள்ள எங்கள் நண்டு பதப்படுத்தும் கம்பெனிக்கு நுழைவுக் கட்டுப்பாடும் கேமராக்களும் அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், வரத்து குறையும் அந்த நாட்களில் கதவு வேலைகளை வைத்துக்கொண்டு, கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் பணியை அதற்கு முன்பே, கூடம் முழு வீச்சில் நடக்கும்போதே முடிப்பது என்று தீர்மானித்தேன்.

விலைப்புள்ளி கொடுத்தவர்கள் அனைவரும் விரல்ரேகைக் கருவியையே பரிந்துரைத்தார்கள். வாங்குவதற்கு முன் ஒரு கருவியைக் கூடத்தின் வாசலில் வைத்துச் சோதித்துக் காட்டும்படி கேட்டேன். சதை எடுக்கும் பெண்களின் விரல்கள் ஈரத்திலும் ஐஸிலும் நண்டு ஓட்டின் கூர்மையிலும் நாள் முழுவதும் உழைப்பவை. ரேகை தேய்ந்தும் தோல் சுருங்கியும் இருந்ததால் பலரைக் கருவி ஏற்கவே இல்லை. "தம்பி, இந்தக் கையில ரேகை எங்கப்பா மிச்சம் இருக்கு?" என்று மூத்த அக்கா ஒருவர் கேட்டார். வருகைப்பதிவும் அதே கருவியில்தான் என்னும்போது, அது மறுக்கும் ஒவ்வொரு முறையும் ஒருவருடைய கூலி கேள்விக்குள்ளாகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. கழுவிய கையால் எல்லோரும் ஒரே கண்ணாடியைத் தொடுவது உணவுக்கூடத்துக்கும் பொருந்தாது. ஆகவே கார்டு முறைக்கு மாறி, கார்டு காட்டும் கருவியைக் கை கழுவும் இடத்துக்கு முன்னால், உடை மாற்றும் அறையின் வெளிவாசலில் பொருத்தினோம். 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் கார்டுகளை எளிதில் நகலெடுத்துவிடலாம் என்பதால், 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், தகவலைக் குறியீடாக மறைத்து வைக்கும் மறையாக்கம் உள்ள கார்டுகளையே கேட்டு வாங்கினோம்.

கார்டைப் படிக்கும் கருவி வெளியே இருக்கலாம். பூட்டைத் திறக்கும் ரிலே என்னும் மின் சுவிட்ச் கதவின் உட்புறத்தில், பூட்டிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கருவிக்குள் அடங்கிய மலிவான வகையில், வெளியே அதைப் பெயர்த்தெடுத்து இரண்டு கம்பிகளை இணைத்தாலே கதவு திறந்துவிடும்.

பூட்டு விஷயத்தில்தான் அதிக நேரம் செலவிட்டேன். எங்கள் குளிரூட்டும் இயந்திரங்கள் அமோனியாவில் இயங்குகின்றன. கசிவு ஏற்பட்டால் ஆட்கள் ஒரு நொடியும் தாமதிக்காமல் வெளியேற வேண்டும். எனவே ஆள் நடமாடும் கதவுகள் அனைத்திலும் மின்சாரம் நின்றால் தானே விடுபடும் மின்காந்தப் பூட்டுகளைப் பொருத்தி, தீ எச்சரிக்கை ஒலித்தவுடன் அவற்றின் மின்னோட்டம் துண்டிக்கப்படும்படி இணைத்தோம். இயந்திர அறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. உள்ளிருந்து உடம்பால் தள்ளினாலே போதும், கார்டு தேவையில்லை. மின்சாரம் போனாலும் வெளியிலிருந்து பூட்டியே இருக்கும் வகையைப் பண்டக அறைக்கு மட்டும் வைத்தோம். அதையும் உள்ளிருந்து கைப்பிடியால் திறந்துவிடலாம். திருட்டுப் பயத்தில் எல்லாக் கதவுக்கும் இந்த இரண்டாம் வகையைக் கேட்பவர்களை இக்கரையில் பார்க்கிறேன். அவர்கள் முதலில் உள்ளே வேலை செய்பவர்களை நினைக்க வேண்டும்.

எஞ்சியது உப்புக் காற்று. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சாதாரண இரும்புத் திருகுகள் விரைவாகத் துருப்பிடித்துவிடுகின்றன. மின்காந்தப் பூட்டின் தகட்டில் துரு ஏறினால் இடைவெளி உண்டாகி அதன் பிடிமானமும் குறைகிறது. அதனால் வெளிப்புறத் தாங்கிகளுக்கும் திருகுகளுக்கும் 304 தரம் அல்லாமல், மாலிப்டினம் கலந்த 316 தர எவர்சில்வரைக் கேட்டேன். விலை கூடுதல்தான், முதலாளியிடம் துருவேறிய பழைய தாங்கி ஒன்றைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். கேமராக்களுக்கு முழுச் செம்புக் கம்பி உள்ள கேபிளையும், ஐப்பசி இடி மின்னலை எண்ணி திடீர் மின்னழுத்தத்திலிருந்து கருவிகளைக் காக்கும் தடுப்பான்களையும் போட்டோம்.

கேமராக்கள் எங்கெங்கே உள்ளன, பதிவுகளை யார் பார்க்கலாம் என்பதைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறோம். உடை மாற்றும் அறையின் பக்கம் ஒரு கேமராவும் திரும்பவில்லை. மாதம் ஒரு முறை மெயினை அணைத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றி, ஆள் நடமாடும் ஒவ்வொரு கதவும் விடுபடுகிறதா என்று தள்ளிப் பார்க்கிறோம். அமோனியா உணரியையும் இதே அமைப்போடு இணைக்கும் வேலையை அடுத்த தடைக்காலத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம்.