இராயப்பர் கோயிலில் லூக்கா ஐந்தாம் அதிகாரம்

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தவர்கள் மசூலா (பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு) ஓட்டிகள். ராயபுரம் இராயப்பர் கோயில் அந்தப் படகோட்டிச் சமூகம் கட்டியது. இராயப்பர் என்றால் இயேசுவின் சீடர் பேதுரு. ஊர்ப் பெயரும் அவரால் வந்ததே.

கடற்கரை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் மின்ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் ராயபுரம். சென்ட்ரலில் ஏறிவிட்டால் வண்டி பேசின் பிரிட்ஜ் வழியாகக் கொருக்குப்பேட்டைக்குப் போய்விடும். திருநாள் ஜூன் 29. காசிமேட்டு விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை; அது முடிந்து இரண்டு வாரத்தில் திருநாள் வந்துவிடும். உட்கார்ந்து வேதம் வாசிக்க நினைப்பவர்கள் திருநாளைத் தவிர்த்து வார நாளில் போவது நல்லது.

சாவி பிடித்த பேதுருவின் சுரூபத்தை (சிலையை) கண்டதும் ‘இந்தப் பாறையின்மேல் என் திருச்சபையைக் கட்டுவேன்’ என்று இயேசு அவரிடம் சொன்ன மத்தேயு 16:18-ஐப் புரட்டுவது பலர் வழக்கம். அங்கே தொடங்கினால் பேதுருவின் பெருமை மட்டும்தான் கையில் நிற்கும். (ஐந்து வசனம் தள்ளி ஆண்டவர் அவரையே ‘சாத்தானே’ என்று கடிந்துகொள்வதைப் பலர் வாசிப்பதில்லை.) லூக்கா 5:1-11-இல் தொடங்குங்கள். மெதுவாக வாசித்தாலும் மூன்று நிமிடம் ஆகாது.

இரவு முழுக்க மீன்பாடு இல்லை. மீனவரான பேதுருவும் கூட்டாளிகளும் வலையை அலசிக்கொண்டிருக்கிறார்கள். ஆழத்துக்குப் போய் வலை போடச் சொல்கிறார் இயேசு. அலசிய வலையை மறுபடி போட்டால் மறுபடி அலச வேண்டும், தூக்கமும் போச்சு. சொல்பவரோ தச்சர் வீட்டுப் பிள்ளை, கேட்பவர் கடல் தெரிந்தவர். ‘உமது சொற்படியே’ என்று பேதுரு வலையை எடுத்த இடத்தில்தான் தாழ்ச்சி, அதாவது பணிவு, தொடங்குகிறது. ‘நான் பாவி’ என்று காலில் விழுந்தது அதற்குப் பிறகு. அழுகையைத் தாழ்ச்சி என்று எண்ணுபவர்கள் இந்த வரிசையைத் தவறவிடுகிறார்கள். ஐந்தாம் வசனத்தில் ‘ஐயா’ என்றவர் எட்டாம் வசனத்தில் ‘ஆண்டவரே’ என்கிறார். நடுவில் நடந்தது ஒரே ஒரு வலைவீச்சு.

அடுத்து யோவான் 13:1-10. இயேசு தன் காலைக் கழுவ விடமாட்டேன் என்கிறார் பேதுரு. பணிவு போலத் தெரியும் இது பிடிவாதம். பிறருக்குச் செய்வது எளிது. பிறர் நமக்குச் செய்ய விடுவது கூச்சம்.

பிறகு யோவான் 18:15-27-ஐயும் 21:1-17-ஐயும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும். தனித்தனியாக வாசித்தால் ஒரு நுட்பம் நழுவிவிடும்: இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த இரவில் பேதுரு குளிர்காய்ந்தது கரி நெருப்பில், கடற்கரையில் ஆண்டவர் மீன் சுட்டு வைத்திருந்ததும் கரி நெருப்பில். அங்கே மூன்று மறுப்பு, இங்கே மூன்று கேள்வி.

‘எல்லாரும் விட்டு ஓடினாலும் நான் ஓடமாட்டேன்’ என்று முன்பு சொன்னவரிடம் முதல் கேள்வி: ‘இவர்களைவிட மிகுதியாக என்னை நேசிக்கிறாயா?’ பேதுரு ‘ஆம்’ என்கிறார். ‘இவர்களைவிட’ என்ற சொல் அந்தப் பதிலில் இல்லை.