தட்டணு குறைந்தது, மாட்டியது தைராய்டு

குளித்துவிட்டுக் காலைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். கணுக்காலைச் சுற்றி குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். அரிக்கவில்லை. கண்ணாடி டம்ளரின் அடியை வைத்து அழுத்தியும் மறையவில்லை. தோலுக்கடியில் ரத்தம் கசிந்தால் அப்படித்தான் இருக்குமாம்.

ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணு, ஒரு மைக்ரோலிட்டரில் 38,000. குறைந்தது 1,50,000 இருக்க வேண்டியது. சிலருக்கு, ரத்தம் சேகரிக்கும் சோதனைக் குழாயில் உறையாமலிருக்கப் போடும் ஈ.டி.டி.ஏ.வால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எந்திரம் குறைத்து எண்ணிவிடும் என்று, அதற்குப் பதில் சிட்ரேட் போட்ட குழாயில் மறுபடி எடுத்தார்கள். மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தார்கள். குறைவு நிஜம்தான். ஹெபடைடிஸ் சி, ஹெச்.ஐ.வி. எதுவும் இல்லை. கடைசியில் ஐ.டி.பி. என்ற தன்னெதிர்ப்பு நோய் என்றார்கள். நம் எதிர்ப்புச் சக்தியே தட்டணுக்களின் மேல் ஆன்டிபாடியை ஒட்டிவிட, மண்ணீரல் அவற்றைப் பிடித்து அழிக்கிறது.

நாடி பிடித்த ரத்தநோய் மருத்துவர் கையை விடவே இல்லை. நிமிடத்துக்கு 112. கையை நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தார், தாள் படபடத்தது. எடை குறைந்ததை டயட்டின் மகிமை என்று நான் பீற்றிக்கொண்டிருந்த சமயம் வேறு! தைராய்டை வேலை வாங்கும் டி.எஸ்.ஹெச். கிட்டத்தட்ட பூஜ்ஜியம்; தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் அது இப்படி இறங்கிவிடுமாம். கிரேவ்ஸ் நோய்: இங்கே எதிர்ப்புச் சக்தி தைராய்டைத் தூண்டி அதிகம் சுரக்க வைக்கிறது.

ஒரு தன்னெதிர்ப்பு நோய் இருந்தால் இன்னொன்றும் வர வாய்ப்பு அதிகம் என்றார். தைராய்டு ஹார்மோன் எகிறினால் தட்டணுவின் ஆயுளும் குறையுமாம்.

எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுத்த ஸ்டீராய்டில் தட்டணு எண்ணிக்கை 90,000 வரை ஏறியது. ராத்திரித் தூக்கம் போனது, பசி பேயாய் வந்தது. டோஸைக் குறைத்ததும் 52,000. அன்று அழுதேன். தினமும் படுக்கும் முன் பழைய புள்ளிகளைப் பேனாவால் வட்டமிட்டுக்கொள்வேன்; காலையில் வட்டத்துக்கு வெளியே எதுவும் முளைத்திருக்கிறதா என்று தேடுவேன். தலைவலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கூடாது, பாராசிட்டமால் மட்டும்.

தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையும் கூடவே ஓடியது. அது அரிதாக வெள்ளணுக்களைக் குறைத்துவிடும், தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் உடனே வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும் என்று எச்சரித்திருந்தார்கள். ஒரு சாதாரண ஜலதோஷத்துக்கு ஓடிப்போய் அசடு வழிந்ததும் உண்டு. மூன்றாவது மாதம் தைராய்டு அளவு சீரானது. ஸ்டீராய்டை நிறுத்திய பிறகும் பிளேட்லெட் இறங்கவில்லை, 1,20,000. தைராய்டு அடங்கியதாலா, ஸ்டீராய்டு செய்த வேலையா என்று கேட்டேன். "ரெண்டும் இருக்கலாம், பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். இப்போது இரண்டு டெஸ்டுக்கும் ஒரே நாளில் ரத்தம் கொடுக்கிறேன்.