சேது மணலும் கங்கை நீரும்: பழைய சக்திமான் லாரியில் காசி யாத்திரை

சேதுவில் மணல் எடுத்துப் பிரயாகையில் கரைத்து, அங்கிருந்து கொண்டுவரும் கங்கை நீரால் இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை நிறைவு பெறும் என்பது பெரியோர் வகுத்த முறை. போகும்போது ஒரு பிடி மணல், வரும்போது ஒரு சொம்பு நீர். இந்த இரண்டையும் சிந்தாமல் சேர்ப்பதற்குத்தான் வண்டி ஓட்டுகிறோம் என்பது மனத்தில் இருந்தால், பழைய இராணுவ லாரியை எப்படி நடத்த வேண்டும் என்பதில் பாதி தானே தெளிந்துவிடும்.

சக்திமான், ஜெர்மனியின் மான் (MAN) நிறுவன உரிமத்தின் பேரில் 1959 முதல் ஜபல்பூரில் செய்யப்பட்ட இராணுவ லாரி. காட்டிலும் மேட்டிலும் ஏறுவதற்காகப் பிறந்தது; நெடுஞ்சாலை வேகத்துக்கு அல்ல. மணிக்கு 45 முதல் 50 கி.மீ. வரை அதற்கும் நல்லது, உள்ளே இருப்பவருக்கும் நல்லது. மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர், ரீவா வழியாகப் பிரயாகை சேர்ந்து காசிக்குப் போனால் 2,400 கி.மீ. அளவில் வரும். மதுரைக்கு வடக்கே இதில் பெரும்பகுதி, கன்னியாகுமரியையும் வாராணசியையும் இணைத்த பழைய 7ஆம் எண் நெடுஞ்சாலைதான். நாளுக்கு 250 கி.மீ. வைத்தால் போக 10 நாள். லிட்டருக்கு 4 கி.மீ. என்று கணக்கிட்டு, ஒரு வழிக்கு 600 லிட்டர் டீசலுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

முதலில் காகிதங்கள். இராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி ஆர்.டி.ஓ.வில் முறையாகப் பதிவாகி, எஃப்.சி. என்ற தகுதிச் சான்று உயிரோடு இருக்க வேண்டும். இராணுவ ஆலிவ் பச்சை நிறத்தை மற்றவர் வண்டிக்கு அடிக்க 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதி இடம் தருவதில்லை. வேறு நிறம் அடித்து, அதை ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்ளுங்கள். சரக்கு வண்டியாகப் பதிவான லாரியின் பின்னால் யாத்திரிகர்களை உட்கார வைப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. இருக்கை போட்டு, பாடி மாற்றத்தைப் பதிவு செய்த பிறகே ஆட்களை ஏற்றுங்கள். இந்தப் பாதை தில்லிப் பக்கமே போகாததால் அங்குள்ள பழைய டீசல் வண்டிக் கட்டுப்பாடு குறுக்கே வராது.

இவ்வகை வண்டி வழியில் நிற்பதற்கு முதல் காரணம் எஞ்சின் அல்ல, டீசல் டேங்க். பல காலம் நின்ற டேங்கின் அடியில் துருவும் சேறும் படிந்திருக்கும். ஊருக்குள் ஓடும்வரை அது அசையாது. 200 கி.மீ. தொடர்ந்து குலுங்கியதும் கலங்கி பில்டரை அடைக்கும். மேட்டில் இழுவை குறையும், பிறகு எஞ்சின் அணையும். புறப்படும் முன்பே டேங்கை இறக்கிக் கழுவிவிடுங்கள். பில்டர் குறைந்தது நான்கு கையில் இருக்கட்டும். பில்டர் மாற்றினால் ஏர் எடுக்காமல், அதாவது டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றாமல், வண்டி கிளம்பாது. பில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கை பம்பை அடியுங்கள். நுரையில்லாத டீசல் வரும்வரை அடித்து, பம்பு ஓடும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்பின் ஸ்க்ரூவுக்கும் அதே வேலை. அப்போதும் கிளம்பாவிட்டால் நாசிலுக்கு வரும் குழாய்களின் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்தி, எஞ்சினைச் சுற்றவிட்டு இறுக்க வேண்டும். கழுவிய மறுநாளும் ஏர் பிடித்தால், டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயில் வெடிப்பு தேடுங்கள்.

டயரில் பூ, அதாவது தரையைப் பிடிக்கும் வரிகள், நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பத்தாண்டு கடந்த டயர் இந்த வெயிலில் தாங்காது. டயரைப் பிடித்து நிறுத்தும் இரும்பு ரிங் வைத்த வீலில் காற்று ஏற்றும்போது வீலைச் சங்கிலியால் கட்டி, நீளக் குழாய் போட்டு, விலகி நில்லுங்கள். சரியாக உட்காராத ரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். கழற்றி மாட்டிய வீலின் நட்டுகளை 50 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். தார்ச்சாலையில் முன் ஆக்சில் இழுவையைப் போட்டு ஓட்டாதீர்கள். ஜாயிண்டும், இரண்டு ஆக்சிலுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸும் முறுக்கேறி உடையும்.

இனிப் பாதை. தனுஷ்கோடியில் நீராடி, மணலை மூன்று இலிங்கங்களாகப் பிடித்து, சேதுமாதவர், பிந்துமாதவர், வேணிமாதவர் என்று பூசித்து, வேணிமாதவராக வணங்கிய மணலைப் பிரயாகைக்கு எடுத்துச் செல்வது வழக்கம். ஈரம் உலர்ந்த பிறகே துணியில் முடிந்து, மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். நான்கு சக்கர இழுவை இருக்கிறதே என்று லாரியைக் கடற்கரை மணலில் இறக்க வேண்டாம். அக்னி தீர்த்தமும் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களும் ஆடி, சுவாமி தரிசனம் முடித்துப் பாம்பன் பாலம் தாண்டியதும், அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு முதலில் தின்பது பிரேக் குழாயைத்தான்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் வீல்களின் நடுவிலுள்ள நான்கு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பதை யாத்திரை நியமமாகவே கொள்ளுங்கள். மற்றவற்றைவிட ஒன்று அதிகம் சுட்டால் பேரிங் இறுக்கம், அல்லது பிரேக் பிடித்தபடி ஓடுகிறது. வீலை ஜாக்கியில் தூக்கிச் சுற்றினால் எது என்று தெரியும். டயரின் உட்புறம் ஈரம் தெரிந்தால் வீல் சிலிண்டர் வாஷர் போய்விட்டது. அந்த இடத்தைவிட்டு நகரவே கூடாது. வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளின் யு போல்ட்டை மூன்று நாளுக்கு ஒருமுறை இறுக்குங்கள். அது தளர்ந்தால்தான் சென்டர் போல்ட் அருகே மெயின் பட்டை ஒடிகிறது. விடியுமுன் ஸ்நானம், ஜபம் முடித்து 5 மணிக்குக் கிளம்பி, 11 முதல் 3 வரை நிழலில் நிறுத்தினால் ரேடியேட்டருக்கும் யாத்திரிகருக்கும் நிம்மதி.

ஜபல்பூரில் ஒரு நாள் தங்குவது அவசியம் என்பேன். நர்மதையில் நீராடி, பேடாகாட்டின் சௌசட் யோகினி கோயிலில் யோகினியர் சூழ நந்திமேல் அமர்ந்த கௌரிசங்கரரைத் தரிசிக்கலாம். வண்டிக்கு முழுக் கிரீஸ் அடிக்கவும் அந்த நாள் உதவும். ரீவா தாண்டி மங்கவானில் மிர்சாபூர் சாலை பிரியும். காசிக்கு அது நேர்வழிதான், ஆனால் மணல் கையில் இருப்பதால் பிரயாகைச் சாலையே நம்முடையது. அதில் சோஹாகி மலை இறக்கம் பொல்லாதது. உச்சியிலேயே கீழ் கியர் போட்டு, பிரேக்கை இடைவெளி விட்டு, அவ்வப்போது மட்டும் அழுத்துங்கள். கால் வைத்தபடியே இறங்கினால் டிரம் காய்ந்து பிரேக் பிடிக்காமல் போகும்.

திரிவேணியில் மணலைக் கரைத்து, அங்கேயே நீர் முகந்துகொள்ளுங்கள். காசியில் லாரியை ஊருக்கு வெளியே விட்டு ஆட்டோவில் போவதே வழி. விசுவநாதர், அன்னபூரணி, விசாலாட்சி தரிசனமும் பஞ்சகங்கா படித்துறையில் பிந்துமாதவர் தரிசனமும் அவசரமில்லாமல் செய்ய மூன்று நாள் வையுங்கள். கயா சிராத்தம் உள்ளவர்கள் இங்கிருந்து சென்று வரலாம்.

நீர்ச் சொம்பின் மூடியை ஈயப்பற்று வைத்து அடைத்திருந்தாலும் லாரியின் அதிர்வில் பற்று விரியும். மரப்பெட்டியில் வைக்கோல் திணித்து, கேபினை ஒட்டி, இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில் வையுங்கள். குலுக்கல் குறைந்த இடம் அதுதான். பின்கோடியில் வைத்த சொம்பு ஊர் வந்து சேராது. திரும்பும்போது தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாய் இறக்கமாக வரும். போகும்போது எஞ்சினைச் சோதித்த அதே மலை, வரும்போது பிரேக்கைச் சோதிக்கும். உச்சிக்கு முன்பே நிறுத்தி, டிரம் ஆறும்வரை காத்திருந்து, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இராமேசுவரம் சேரும் நாளை முன்கூட்டியே கோயில் அலுவலகத்தில் சொல்லி, கங்கை அபிஷேகத்துக்கு உரிய நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.