அசை பிரித்த பாட்டு

எங்கள் கல்லூரியில் யாப்பு படிப்பித்த மாஸ்டரை இந்த மலரைப் படிக்கிற பலருக்கு ஞாபகமிருக்கும். மேசையில் விரலால் தட்டித் தட்டித்தான் அசை பிரிப்பார். அக-ர, முத-ல, எழுத்-தெல்-லாம். புளிமா, புளிமா, புளிமாங்காய். "பொருளைப் பிறகு பார்ப்பம், முதலில காதைக் குடு" என்பார்.

1986இல் லண்டனில் நூலகத்திலிருந்து இரவல் எடுத்துவந்த ஓர் இசைத்தட்டில் அந்தத் தட்டல் திரும்பவும் கேட்டது. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'பெர்செஃபோன்', கிரேக்கப் புராணக் கதையொன்றைப் பாட்டும் பேச்சுமாகச் சொல்லும் படைப்பு. 1934 ஏப்ரல் 30 அன்று பாரிஸ் ஓபராவில் அரங்கேறியது. பிரெஞ்சு வரிகள் எழுத்தாளர் ஆந்த்ரே ழீத் எழுதியவை. ஸ்ட்ராவின்ஸ்கியோ சொல்லின் பொருளுக்குப் பின்னால் போகாமல், அசை அசையாக எடுத்து மெட்டமைத்துவிட்டார். ழீத்துக்குப் பெரிய மனத்தாங்கல். ஒத்திகைக்கும் வரவில்லை, அரங்கேற்றத்துக்கும் வரவில்லை. கவிஞரின் வருத்தம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் நான் ஸ்ட்ராவின்ஸ்கி பக்கம்தான். "ஆயிரம் நாமங்கள் கொண்ட தேவியே" என்று பயிர்களின் தெய்வமான டெமெட்டரை விளித்து டெனர் (உச்சக்குரல் ஆண் பாடகர்) தொடங்கும்போது ஒவ்வோர் அசையும் எண்ணி வைத்ததுபோல வந்து விழும். சகஸ்ரநாமம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகவே படவில்லை.

அந்தத் தட்டு 1966 மே மாதம், தன் 83ஆவது வயதில், ஸ்ட்ராவின்ஸ்கி தானே நடத்திப் பதிவு செய்தது. டெனர் மிக்கேலே மோலேசே. பெர்செஃபோனாக வருபவர் வேரா ஸோரினா. அவர் பாடுவதில்லை, பேசுகிறார். உறையைத் திருப்பிப் பார்த்தால் கோரஸில் இத்தாக்கா கல்லூரி மாணவர்கள், டெக்ஸஸ் போர்ட் வேர்த் சிறுவர் குழு. பள்ளிக்கூடப் பொடியன்கள்! பிரெஞ்சை அசை அசையாகத்தான் பழகியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடையில் இதைக் காண்பது அபூர்வம். பேசி நடிக்க ஒரு பெண், டெனர், பெரியவர் கோரஸ், சிறுவர் கோரஸ், முழு ஓர்க்கெஸ்ட்ரா, முடிந்தால் நடனமும். இத்தனையும் ஐம்பது நிமிடத்துக்கு. யார் செலவழிப்பார்கள்? அதனால் பதிவுதான் நமக்குக் கதி.

கதையில் ழீத் செய்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. புராணத்தில் பாதாளத்தரசன் டெமெட்டரின் மகள் பெர்செஃபோனைக் கவர்ந்து போகிறான். இங்கே நார்சிசஸ் பூவுக்குள் பாதாளத்து நிழல்கள் அலைவதைக் கண்டு, இரக்கப்பட்டு அவளே இறங்கிப் போகிறாள். மூன்றாம் பாகத்தில் திரும்பி வரும்போதுதான் சிறுவர் குரல்கள் சேரும். அப்புறம் மறுபடியும் தானாகவே கீழே போவாள்.

பதிவைத் தேடிப் பிடித்தீர்களானால் மூன்றாம் பாகத்திலிருந்து தொடங்குங்கள். விதை மண்ணுக்குள் மடியச் சம்மதிக்க வேண்டும் என்று வரும் கடைசி வரிகள் மெல்லத்தான் ஒலிக்கும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.